பிரீமியம் கார் வாங்கும் முன்: மைலேஜ், பிக்கப், வைத்திருக்கும் செலவு – கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுக் கணக்கு

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மச்சான், பலகாரத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐந்து கார் புரோஷர்களைத் தரையில் பரப்பினான். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம், குடியிருப்பு கடலூர் மஞ்சக்குப்பம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, ஓடிய கார் பழசாகிவிட்டது. ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் படத்தில் விரலை வைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, இதுல எது நல்ல மைலேஜ் தரும்?”

ஐம்பது லட்சம் போடுகிறவன் மைலேஜ் கேட்கலாமா என்று சிரிக்கத் தோன்றும். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த விலைக் கார்களின் மொத்தக் கணக்கில் அதிகம் சத்தம் போடுவதும் குறைவாகத் தின்பதும் எரிபொருள்தான். அதை அவனுக்குப் புரியவைக்க நாலைந்து நாள் ஆயிற்று. அப்போது நோட்டில் போட்ட கணக்கை வரிசையாக இங்கே எழுதுகிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில்: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

காரைப் பார்ப்பதற்கு முன் உங்களைப் பாருங்கள். இப்போது வைத்திருக்கும் வண்டியின் கடைசி இரண்டு சர்வீஸ் பில்லை எடுங்கள். இரண்டிலும் கிலோமீட்டர் போட்டிருப்பார்கள், தேதியும் இருக்கும். கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பது வந்துவிடும். மச்சான் “வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம் ஓடுது” என்று சத்தியம் பண்ணினான். பில் சொன்னது 12,000. பெரும்பாலும் இப்படித்தான்: நீண்ட பயணங்கள் நினைவில் நிற்கும், சும்மா நிற்கும் நாட்கள் நிற்காது.

அப்புறம் அந்த ஓட்டத்தைப் பிரியுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் போய்வருவது, லாஸ்பேட்டையிலிருந்து மிஷன் வீதிக்கு வருவது போன்ற குட்டி ஓட்டம் எவ்வளவு? சென்னை, திருச்சி என்று நிற்காமல் ஓடுவது எவ்வளவு? பெட்ரோலா டீசலா என்பதை முடிவு செய்யப்போவது இந்தப் பிரிவுதான்.

மைலேஜ்: எல்லாவற்றையும் ஒரே தராசுக்குக் கொண்டுவருவது

புரோஷரில் இருக்கும் மைலேஜ் பொய் அல்ல. ஆனால் அது நம் சாலையின் உண்மையும் அல்ல. காரை உருளைகளின் மேல் ஏற்றி, நிர்ணயித்த வேக அட்டவணைப்படி சுமார் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனை அது. அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏ.சி. ஓடாது. இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலும் இல்லை, சித்திரை வெயிலும் இல்லை. எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது உதவும். உங்கள் பங்க் செலவைக் கணக்குப் போட உதவாது. நான் அதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்வேன். பொறுமையாக ஓட்டுபவர்கள் 75, 80 கூட எடுக்கலாம்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் மைலேஜ்: 6.5 லிட்டர் என்றால் 15.4. காலனுக்கு 40 மைல் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் லிட்டருக்கு 14.2 கி.மீ., அதையே அமெரிக்கர் சொன்னால் 17 கி.மீ. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். வீடியோவில் பேசுபவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் தப்பாகிவிடும்.

நம் மைலேஜ் கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. 8 கொடுக்கும் காரை விட்டு 10 கொடுக்கும் காருக்கு மாறினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 25 லிட்டர் மிச்சம். 16 கொடுப்பதை விட்டு 20 கொடுப்பதற்கு மாறினால் 12.5 லிட்டர்தான். இரண்டு எண்ணுக்கு அங்கே கிடைத்த லாபத்தில் பாதிதான் நான்கு எண்ணுக்கு இங்கே கிடைக்கிறது. மைலேஜ் ஏற ஏற ஒவ்வொரு கூடுதல் எண்ணின் மதிப்பும் தேய்கிறது. அதனால் மைலேஜை அப்படியே ஒப்பிடாமல், ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜையும் முழுசாக நம்ப வேண்டாம். மச்சானின் பழைய செடானில் இதைச் சோதித்தோம். முள்ளோடையில் ஒரு பங்கில் டேங்கை நிரப்பினோம். பம்ப் தானாக ‘டக்’ என்று நின்றது. பையன் நாசிலை எடுக்காமல் கேட்டான்: “ரவுண்டா போட்டுடவா சார்?” அங்கேதான் கணக்கு கெடும். அவன் நல்ல எண்ணத்தில் இன்னும் அரை லிட்டர் ஏற்றிவிடுவான், அடுத்த முறை ஏற்ற மாட்டான். “வேணாம் தம்பி, கட் ஆனதே போதும்” என்று சொல்லி, டிரிப் மீட்டரைச் சுழியாக்கிவிட்டுச் சென்னை போய்த் திரும்பினோம். அதே பங்க், அதே பம்ப், அதே முதல் ‘டக்’. ஓடியது 348 கி.மீ., ஏறியது 26.1 லிட்டர். வகுத்தால் 13.3. டேஷ்போர்டு காட்டியது 14.9. மச்சான் போன் கால்குலேட்டரில் மூன்று முறை தட்டிப் பார்த்தான். ஒரு முறை செய்தது போதாது. நான்கைந்து டேங்க் தொடர்ந்து எழுதினால்தான் உண்மையான சராசரி பிடிபடும். டெஸ்ட் டிரைவில் இதைச் செய்ய முடியாது. அதே மாடலை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்கலாம், ஆனால் “என்ன மைலேஜ்?” என்று கேட்காதீர்கள். “மாசத்துக்கு எவ்வளவு ஓடுறீங்க, எவ்வளவுக்குப் போடுறீங்க?” என்று கேளுங்கள்.

எத்தனால் கலப்பையும் மறக்க வேண்டாம். இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய பிரீமியம் கார் வாங்குபவர்கள் எரிபொருள் மூடியின் உள்பக்கம் எத்தனை சதவீதம் வரை ஏற்கும் என்று ஒட்டியிருக்கிறதா எனப் பாருங்கள். பெட்ரோலின் தர எண்ணான ஆக்டேன் எவ்வளவு வேண்டும் என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

எல்லையைத் தாண்டிப்போய் எண்ணெய் போடும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலூரைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவாகவே இருந்துவருகிறது. லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 60 லிட்டர் டேங்குக்கு முந்நூறு ரூபாய் மிச்சம். அதற்கென்றே 15 கி.மீ. போய் 15 கி.மீ. திரும்பினால் அதில் பாதிக்கு மேல் வழியிலேயே எரிந்துவிடும். பாண்டிச்சேரிக்கு வேறு வேலையாகப் போகும்போது போட்டுக்கொள்வதுதான் லாபம்.

பிக்கப்: 0–100 என்ற ஒற்றை எண்ணைத் தாண்டி

ஓர் உண்மையான ஜோடியை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் மெர்சிடிஸ் சி-கிளாஸ் இந்தியாவில் அறிமுகமானபோது பெட்ரோல் சி 200-இன் விலை 55 லட்சம், டீசல் சி 220 டி-யின் விலை 56 லட்சம். பெட்ரோலுக்கு 204 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. டீசலுக்கு 200 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர். இரண்டுக்கும் 0–100, அதாவது நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம், 7.3 விநாடி என்றே கம்பெனி சொன்னது. மைலேஜ் மட்டும் 16.9-க்கு 23. விலைகள் இப்போது மாறிவிட்டன. ஆனால் ஒப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கஷ்டம்.

நேரம் ஒன்றே என்றால் ஓட்டவும் ஒன்றே போல இருக்குமா? இருக்காது. டார்க்கையும் என்ஜின் சுற்றையும் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் கிடைக்கும் திறன் கிலோவாட்டில் வரும். 1,800 சுற்றில் டீசல் தருவது சுமார் 83 கிலோவாட், பெட்ரோல் தருவது சுமார் 57. அதாவது ஈ.சி.ஆரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது லேசாகக் காலை அழுத்தினால் டீசல் சத்தமில்லாமல் முன்னே நகரும். பெட்ரோல் ஒரு கியரோ இரண்டு கியரோ இறங்கி, சுற்றை ஏற்றிக்கொண்டு, கொஞ்சம் குரல் கொடுத்துவிட்டுப் பாயும். முடிவில் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அனுபவம் வேறு. சிலருக்கு அந்தக் குரல் பிடிக்கும். எனக்குப் பிடிக்கும். மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே டெஸ்ட் டிரைவில் நின்ற இடத்திலிருந்து மிதிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். 40-லிருந்து 80, 60-லிருந்து 100 – இந்த இரண்டையும் பக்கத்தில் இருப்பவர் போனில் நேரம் பார்க்கட்டும். ஒரு பஸ்ஸைத் தாண்ட உதவுவது இந்த எண்தான். ஏ.சி. ஓட வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டும். ஷோரூம்காரர் தனியாகக் கூட்டிப்போய் அழுத்திக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். உச்ச வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. 2018-இல் மத்திய அரசு அறிவித்த வரம்பே நடுத்திட்டு உள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு 100 கி.மீ.

இன்னொரு சோதனை, எல்லோரும் விட்டுவிடுவது: காரை உங்கள் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அதே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். ஒரு காரில் எங்கள் தெருமுனை வேகத்தடை வயிற்றில் உரசிய சத்தத்தில் என் மாமியார் “நாயனா, நான் நடந்தே வர்றேன்” என்று இறங்கிவிட்டார். அந்தக் கார் பட்டியலிலிருந்து அன்றைக்கே நீங்கியது.

ஆன்ரோடு விலையும் அந்தப் புதுச்சேரி ‘பி.ஒய்’ நம்பரும்

ஷோரூம் விலையில் ஜி.எஸ்.டி. ஏற்கெனவே அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், தனி செஸ் இல்லை. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடிப்பார்கள். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுக்க மறந்தால்தான் செலவு.

உண்மையான அடி ஆயுள் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023-இல் உயர்த்திய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 55 லட்சம் என்றால் 11 லட்சம். ஒரு சின்னக் காரின் விலை இது. புதுச்சேரியில் வரி இதைவிட வெகுவாகக் குறைவு. உடனே யாராவது ஒருவர் காதருகே வந்து, “பாண்டிச்சேரி அட்ரஸ் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கலாம் சார்” என்பார்.

புதுச்சேரியில் நிஜமாகவே குடியிருப்பவருக்கு அது உரிமை, தாராளமாகப் போடலாம். கடலூரில் குடியிருந்துகொண்டு போடுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். 2017-இல் கேரளத்தில் சொகுசுக் கார்களைப் புதுச்சேரியில் போலி முகவரியில் பதிவு செய்ததாக வழக்குகள் பதிவானது பலருக்கு நினைவிருக்கும். முகவரியே பொய் என்றால் நாளைக்கு ஒரு பெரிய விபத்து கிளெய்மில் அந்தப் பொய் முதலில் மேசைக்கு வரும். மச்சானுக்கு ஆசை இருந்தது. அவன் மனைவி ஒரே வரியில் முடித்தாள்: “நம்ம கடலூர் டி.என். 31 போட முடியலன்னா சின்ன காரா வாங்குங்க.”

கடனில் வாங்குவதானால் வட்டியையும் தனி வரியாக எழுதுங்கள். 40 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 83,000. மொத்தம் கட்டும் வட்டி கிட்டத்தட்ட 9.8 லட்சம். கையிலிருந்து போட்டாலும் வங்கியில் கிடைத்திருக்கும் வட்டி போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்சூரன்ஸ்: கடலோரத்தில் இதற்குத் தனி இடம்

மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022-இல் அறிவித்த விகிதத்தில் 1,000 முதல் 1,500 சி.சி. வரை வருடத்துக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. புதுக் காருக்கு மூன்று வருடம் சேர்த்து எடுத்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சி 200-இன் என்ஜின் 1,496 சி.சி. அரைக் கோடிக்கு மேற்பட்ட காருக்குச் சாதாரண நடுத்தரக் காரின் பிரீமியம். டீசல் ஜோடி 1,993 சி.சி. என்பதால் மேல் படியில் நிற்கிறது. ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரும்பணம் சொந்தச் சேதக் காப்பீட்டில் இருக்கிறது.

அதில் நம் ஊருக்கு இரண்டு சேர்க்கைகளைத் தவிர்க்கவே கூடாது. ஒன்று, தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’. இந்த வகைக் கார்களில் ஒரு ஹெட்லைட்டை மாற்றுவதே லட்சத்தைத் தொடக்கூடும். இன்னொன்று என்ஜின் பாதுகாப்பு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் வந்தது. 2015 வெள்ளமும் 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலும் இங்கே யாருக்கும் மறக்காது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன நீரை பிஸ்டன் அமுக்கப் பார்க்கும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண பாலிசியில் இதைப் ‘பின்விளைவுச் சேதம்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க வாய்ப்புண்டு. எனவே ஸ்டார்ட் செய்யாமல், மீட்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி. இதை டிரைவருக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்புவது பெரும்பாலும் நாமாக இருக்க மாட்டோம்.

கொட்டேஷனை மூன்று இடத்தில் வாங்குங்கள். ஷோரூம் தருவது மூன்றில் ஒன்று மட்டுமே. பிரீமியத்தைக் குறைக்க ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பை இறக்கிக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

சர்வீஸ், டயர்

“பக்கத்துலயே சர்வீஸ் இருக்கு சார்” என்றால் என்ன வேலைவரை அங்கே செய்வார்கள் என்று கேளுங்கள். ஆயில் மாற்றுவது ஒன்று, கியர்பாக்ஸைத் திறப்பது வேறு. பெரிய வேலைக்குச் சென்னைதான் என்றால் போய்வர 300 கி.மீ.க்கு மேல், ஒரு முழு நாள். நான் முன்பு வைத்திருந்த ஒரு காரில் பிரேக் பேடு சென்சார் வர ஒன்பது நாள் காத்திருந்தேன். மாற்றுவதற்கு அரைமணி நேரம்.

நான்கைந்து வருடத்துக்கான சர்வீஸ் பேக்கேஜ், நீட்டித்த வாரண்டி இரண்டின் விலையையும் பேரம் நடக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு பேச்சில் அந்தச் சர்க்கரை இருக்காது. டயர் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட்டா, ஸ்டெப்னி இருக்கிறதா, அந்த அளவு டயர் புதுச்சேரிக் கடையில் கையிருப்பில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசல்காரர்களுக்குத் தனியாக: 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ள அவ்வப்போது பதினைந்து, இருபது நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அலட்சியம் செய்தால் பில் எகிறும். ஒயிட் டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு டீசல் சரிப்படாது. வாரம் ஒருமுறை விழுப்புரமோ சிதம்பரமோ போகிறவருக்குப் பிரச்சினையே இல்லை.

எல்லாவற்றையும் கூட்டினால்

தேய்மானத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் காப்பீட்டு அட்டவணை. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. சந்தை விலை மாடலுக்கு மாடல் மாறும். சில சொகுசுக் கார்கள் இதைவிட வேகமாகவே விழும். என்றாலும் ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டுமே.

அதே ஜோடி, கடலூர்ப் பதிவு, வருடம் 12,000 கி.மீ., ஐந்து வருடத்தில் 60,000. மைலேஜ் 70 சதவீதக் கணக்கில் பெட்ரோலுக்கு 11.8, டீசலுக்கு 16.1. லிட்டர் 101 ரூபாயும் 93 ரூபாயும் வைத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸும் சர்வீஸும் நான் போட்டுக்கொண்ட தோராயம், உங்கள் கொட்டேஷன் வந்ததும் மாற்றுங்கள்.

பெட்ரோல்: தேய்மானம் 27.5 லட்சம், வரி 11, இன்சூரன்ஸ் 7, சர்வீஸும் டயரும் 4.5, எரிபொருள் 5.14. மொத்தம் 55.14 லட்சம்.

டீசல்: தேய்மானம் 28 லட்சம், வரி 11.2, இன்சூரன்ஸ் 7.2, சர்வீஸும் டயரும் 4.8, எரிபொருள் 3.47. மொத்தம் 54.67 லட்சம்.

கிலோமீட்டருக்கு 92 ரூபாய், 91 ரூபாய். மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 16.9-க்கும் 23-க்கும் இடையே மலையளவு தெரிந்த வித்தியாசம் ஐந்து வருடத்தில் 47,000 ரூபாயில் வந்து நின்றது. எரிபொருளில் டீசல் மிச்சம் பிடித்த 1.67 லட்சத்தில் பெரும்பகுதியை அதன் கூடுதல் விலையும் வரியும் பராமரிப்பும் தின்றுவிட்டன. பெட்ரோல் காரின் மொத்தச் செலவில் எரிபொருள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேய்மானமும் வரியும் மட்டுமே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இதே கார்கள் வருடம் 30,000 கி.மீ. ஓடினால் கதை மாறும். எரிபொருளில் மட்டும் வித்தியாசம் ஐந்து வருடத்தில் 4.2 லட்சம். அப்போது டீசலை எடுப்பதில் அர்த்தம் உண்டு. முதல் வேலையாகச் சர்வீஸ் பில்லை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஹைபிரிட்டுக்கும் மின்சாரத்துக்கும் இதே தாளில் ஒவ்வொரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டின் சான்று மைலேஜ் 25.49. நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் ஹைபிரிட் தன் பலத்தைக் காட்டும், பிரேக் பிடிக்கும்போது போகும் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பிக்கொள்வதால். டீசல் வடிகட்டித் தொல்லை இல்லாமல் டீசல் மைலேஜ் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும்.

2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்த நீளமான பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ். 1-இல் 66.4 கிலோவாட்-மணி பேட்டரி, சொல்லப்பட்ட தூரம் 531 கி.மீ. அதாவது யூனிட்டுக்கு 8 கி.மீ. நான் 6 என்றே எடுப்பேன். வருடம் 12,000 கி.மீ.க்கு 2,000 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 2,300. யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் 18,400 ரூபாய். பெட்ரோலுக்கு அதே வருடத்தில் லட்சத்துக்கு மேல். ஆனால் வீட்டில் சொந்தமாக நிறுத்துமிடமும் அதற்குத் தனி லைனும் வேண்டும். புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருப்பது நமக்குப் புதிதல்ல என்பதும் மனதில் இருக்கட்டும். வரிச் சலுகை வாங்கும் தேதியில் என்னவாக இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக் கார்

தேய்மானமும் வரியும்தான் பெரிய பூதங்கள் என்றால், அவற்றை வேறொருவர் சுமந்து முடித்த காரை வாங்கலாமே? மூன்று வயதைத் தாண்டிய 55 லட்சக் கார் அந்த அட்டவணைப்படி 33 லட்சம். முதல் பதிவிலேயே கட்டிய ஆயுள் வரி கூடவே வரும், கார் அதே மாநிலத்து நம்பராக இருந்தால். வாரண்டி எப்போது முடிகிறது, நீட்டிக்க முடியுமா, சர்வீஸ் வரலாறு முழுசாக இருக்கிறதா – இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இல்லை என்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மச்சான் கடைசியில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தான். இருவரும் போய்ப் பார்த்த முதல் கார் பளபளவென்று இருந்தது. வெள்ளை நிறம், 28,000 கி.மீ., விலையும் எதிர்பார்த்ததைவிட நான்கு லட்சம் குறைவு. விற்பவர் ஏ.சி.யை உச்சத்தில் வைத்து, வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தார். சீட்டை முன்னே தள்ளி அதன் தண்டவாளத்தைப் பார்த்தேன், லேசாகச் செம்பழுப்பு. கடற்காற்று என்று சமாதானம் சொல்லலாம். அப்புறம் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாண் நீளத்தில், குறுக்கே கோடு போட்டதுபோல் காய்ந்த வண்டல்.

“போலாமா மாமா?” என்றான் மச்சான். பெல்ட்டை விட்டேன். அது சர்ரென்று உள்ளே போய்ச் சுருட்டிக்கொண்டது.